பிள்ளை வளர்ந்தது, ஜீவனாம்சம் வளர்ந்ததா?

தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்துள்ள காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. ஓசூரையும் கடந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. இந்தச் சாலையில் விடியும் முன்பே ஓடத் தொடங்கும் பேருந்துகளில் நம் ஊர்ப் பக்கத்து இளைஞர்கள் எத்தனையோ பேர் ஆலைப் பணிக்குச் செல்கின்றனர். மனைவியைத் தலாக் செய்துவிட்டு, வேலை செய்யும் ஊரிலேயே அறையெடுத்துத் தங்கிவிட்ட தந்தையரும் அவர்களுள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இங்கே, நானா நானி வீட்டில், தாயின் முகம் பார்த்து வளர்கின்றனர்.

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மணமுறிவு நிகழ்ந்தபோது பெண் குழந்தைக்கு மூன்று வயது. தந்தை அப்போது ஒப்பந்தத் தொழிலாளி. ஜமாஅத் பெரியவர்கள் அமர்ந்து பேசி, மஹர் தொகையையும் இத்தா காலச் செலவையும் கொடுக்கச் செய்து, பிள்ளைக்கு மாதம் 1,500 ரூபாய் என முத்திரைத் தாளில் எழுதி இரு தரப்பாரிடமும் கையொப்பம் வாங்கினர். ஒன்பது ஆண்டுகள் சென்றன. குழந்தை இன்று ஏழாம் வகுப்பு மாணவி. புத்தகம், சீருடை, பேருந்துக் கட்டணம், கண்ணுக்குக் கண்ணாடி என்று செலவு பல மடங்காகிவிட்டது. தந்தையோ நிரந்தரத் தொழிலாளியாகி, பொம்மசந்திரா பக்கம் குடியேறி, நல்ல ஊதியம் பெறுகிறார். அந்த 1,500 ரூபாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சில மாதங்களில் அதுவும் வருவதில்லை. நானா பள்ளிவாசலுக்குச் சென்று முத்தவல்லியிடம் முறையிட்டால், “அதெல்லாம் அன்னைக்கே பேசி முடிச்சாச்சு பாய்” என்பதே விடையாகக் கிடைக்கிறது.

உண்மையில் முடிந்துவிட்டதா?

பிள்ளையைப் பற்றிய எந்த ஏற்பாடும் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. இதில் நம் மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும் ஒருமித்தே நிற்கின்றன. திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையைக் காரணமாக்கித் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்றும் விதிக்கிறது. அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம், வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் இருப்பவர் தமக்குக் கிடைத்ததற்கேற்பவும் செலவிடப் பணிக்கிறது. தந்தையின் நிலை உயர்ந்தால் நஃபகா உயரவும், தாழ்ந்தால் தாழவும் வேண்டும் என்னும் கருத்து அதிலேயே அடங்கியிருப்பது கூர்ந்து நோக்குவோர்க்கு விளங்கும். கணவர் செலவுக்குப் போதிய பணம் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, அவருக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அங்கே அளவுகோல் ‘போதுமானது’ என்பதுதான். மூன்று வயதில் போதுமானது பன்னிரண்டு வயதிலும் போதுமானதாக இருக்குமா?

கோபால்கஞ்ச் வழக்கு

நாட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஷா பானு வழக்கையே எல்லாரும் நினைக்கின்றனர். பிள்ளைகளைப் பொறுத்தவரை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது வேறொரு வழக்கு. பீகார் மாநிலம் கோபால்கஞ்சைச் சேர்ந்த நூர் சபா காத்தூன் என்னும் பெண்மணி, மூன்று சிறு பிள்ளைகளுடன் கைவிடப்பட்ட நிலையில் நீதிமன்றம் சென்றார். 1993 ஜனவரியில் அவருக்கு மாதம் 200 ரூபாயும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 150 ரூபாயும் வழங்குமாறு உத்தரவாயிற்று. கணவர் முகம்மது காசிம் தலாக் கூறிவிட்டு, 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கு உரிமைப் பாதுகாப்பு) சட்டத்தைக் காட்டி, உத்தரவை மாற்றியமைக்குமாறு அதே நீதிமன்றத்தில் மனுச் செய்தார்.

கீழ் நீதிமன்றம் மனைவிக்குரிய தொகையை இத்தா காலத்தோடு நிறுத்தியது. பிள்ளைகளின் தொகையைத் தொடவில்லை. கணவர் விடவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிள்ளை பிறந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை தாய்க்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றொரு பிரிவு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தாம் எதுவும் தரவேண்டியதில்லை என்று வாதிட்டார். பாட்னா உயர் நீதிமன்றம் அதை ஏற்றும் கொண்டது! பசியும் இரண்டு வயதோடு நின்றுவிடும் போலும்.

உச்ச நீதிமன்றம் 1997 ஜூலையில் அத்தீர்ப்பை நீக்கியது. அந்த இரண்டாண்டு ஏற்பாடு, பச்சிளங் குழந்தையைப் பேணும் தாய்க்குரிய கூடுதல் உரிமை. பிள்ளைகள் தம் தந்தையிடம் பராமரிப்புப் பெறும் உரிமை தனியானது. அந்தச் சட்டத்தால் அது குறைவதில்லை. பிள்ளைகள் வயதுக்கு வரும்வரை, அல்லது அதற்கு முன்பே தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் நிலையை அடையும்வரை, பெண் மக்களாயின் திருமணம் ஆகும்வரை தந்தையின் கடமை தொடரும் என்று நீதிமன்றம் அறுதியிட்டது. முஸ்லிம் சட்டமும் இதையே கூறுகிறது என்பதையும் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. எனவே தாயின் தலாக்கும் இத்தாவும் பிள்ளையின் கணக்கை முடித்துவைப்பதில்லை. தாய் மறுமணம் செய்துகொண்டால் அவருக்குரிய மாதத் தொகை நிற்கும்; பிள்ளைக்குரியது நிற்காது.

தொகையை மாற்றக் கோருவது எப்படி?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு ஜீவனாம்சத்திற்கும், 127ஆம் பிரிவு அதை மாற்றியமைப்பதற்கும் நெடுங்காலம் வழிசெய்து வந்தன. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இவை முறையே 144ஆம், 146ஆம் பிரிவுகள். எண் மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை. தொகை பெறுபவரின் நிலைமையிலோ கொடுப்பவரின் நிலைமையிலோ மாற்றம் ஏற்பட்டிருப்பதை மெய்ப்பித்தால், தொகையைக் கூட்டவோ குறைக்கவோ நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. முன்னொரு காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் வழங்கலாகாது என்ற உச்சவரம்பு இருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதை அகற்றிவிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். உத்தரவு வழங்கப்பட்ட நாளிலேயே தவறானது என்று கருதினால் மேல் நீதிமன்றம் செல்ல வேண்டும். ஷா பானு அம்மையாருக்கு 1979இல் மாஜிஸ்திரேட் அளித்தது மாதம் வெறும் 25 ரூபாய். அவர் மறுஆய்வு கோரியதால் 1980இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அதற்கு மாறாக, அன்றைக்குச் சரியாக இருந்த உத்தரவு இன்றைய நிலைமைக்குப் பொருந்தவில்லை என்றால், உத்தரவிட்ட நீதிமன்றத்திலேயே மாற்றக் கோரி மனுச் செய்யலாம். பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவச் செலவுச் சீட்டுகள், வீட்டு வாடகை, தந்தையின் பதவி உயர்வு பற்றிய விவரம் ஆகியவை கையில் இருந்தால் வழக்கு உறுதி பெறும். 2020 நவம்பரில் ரஜனேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் தம் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் எனக் கட்டளையிட்டது. “அவர் சம்பளம் எவ்வளவென்று எங்களுக்குத் தெரியாதே” என்று தயங்க வேண்டிய நிலை இதனால் பெரிதும் நீங்கியது.

சரி, நீதிமன்ற உத்தரவே இல்லை, ஜமாஅத் கடிதம் மட்டும்தான் இருக்கிறது என்றால்? ஃபத்வாவுக்கும் ஷரீஅத் மன்றங்களின் முடிவுக்கும் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் கூறியுள்ளது. ஆகவே அக்கடிதம் நீதிமன்ற உத்தரவாகாது. அதை மாற்றித் தருமாறு நீதிமன்றத்தில் கேட்கவும் இயலாது. 144ஆம் பிரிவின்கீழ்ப் புதிதாகவே மனுச் செய்ய வேண்டும். அக்கடிதம் அந்த மனுவிற்குச் சான்றாகப் பயன்படும். இவ்வகைக் கடிதங்கள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, ‘இனிப் பிள்ளை தொடர்பாக எவ்விதப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதிய வாசகம் அவற்றில் தவறாமல் இருக்கிறது. சமாதானத்திற்காகப் பெரியவர்கள் படும் பாட்டை நான் குறைத்துக் கூறமாட்டேன். நள்ளிரவு வரை அமர்ந்து பேசுபவர்கள் அவர்கள்தாம். ஆனால் பிள்ளையின் நஃபகா பிள்ளைக்குச் சொந்தமானது. அதைத் தாய் எப்படி விட்டுக்கொடுப்பார்? மாதத் தொகையோடு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்ற ஒரு வரியையும் ஜமாஅத்கள் எழுதத் தொடங்கினால் எத்தனையோ தாய்மார்களின் அலைச்சல் குறையும்.

எல்லை தாண்டினால்

தந்தை கர்நாடகம் சென்றுவிட்டால் தமிழ்நாட்டு உத்தரவு செல்லாது என்ற எண்ணம் நம் பகுதியில் பரவலாக உண்டு. அது பிழை. தாய் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். உத்தரவை நிறைவேற்றுவதையோ, அந்தத் தந்தை எங்கே இருக்கிறாரோ அங்குள்ள எந்த மாஜிஸ்திரேட் மூலமாகவும் செய்யலாம் என்று 147ஆம் பிரிவு கூறுகிறது. கிருஷ்ணகிரியில் பெற்ற உத்தரவின் நகலோடு ஆனேக்கல்லிலோ பெங்களூரிலோ மனுச் செய்யத் தடையில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது: நிலுவையை வசூலிக்க வாரண்டு வேண்டுவோர், தொகை செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ‘இன்று தருவார், நாளை தருவார்’ என்று காத்திருந்து இந்த உரிமையை இழந்தோர் பலர். நிலுவைக்காக ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது.

தந்தையரின் பக்கத்தையும் கூற வேண்டும். ஒப்பந்த வேலை திடீரென நின்றுவிடுகிறது. நம் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் பருவம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். விபத்தில் கை இழந்தவரும், நோயுற்ற பெற்றோரைத் தாங்குபவரும் உண்டு. இவர்களும் அதே 146ஆம் பிரிவின்கீழ்த் தொகையைக் குறைக்கக் கோரலாம். தாமாகவே நிறுத்திவிடுவதுதான் பெருந்தவறு. நீதிமன்றம் மாற்றும்வரை பழைய உத்தரவே நடப்பில் இருக்கும். நிலுவை மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகும். வேலை போன மாதமே மனுச் செய்பவருக்கும், இரண்டு ஆண்டுகள் தலைமறைவாக இருந்துவிட்டு வாரண்டு வந்தபின் வறுமை பேசுபவருக்கும் நீதிமன்றத்தின் பார்வையில் வேறுபாடு இருக்காதா?

பிள்ளை யாரிடம்?

பிள்ளை வளர்ப்பு உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் ஹிளானத் என்கின்றன. ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏழு வயது வரையிலும், பெண் பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில், விவரம் அறியும் வயதில் பிள்ளையின் விருப்பத்திற்கு இடமுண்டு. வயது ஏற ஏற ஏற்பாடு மாறலாம் என்பதை நம் இமாம்கள் முன்பே ஏற்றிருக்கின்றனர்.

இந்திய நீதிமன்றங்கள் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டத்தின்படி விசாரிக்கின்றன. மார்க்கச் சட்டம், வயது, பாலினம் ஆகியவற்றோடு பிள்ளையின் நலனை அளந்து பார்க்கின்றன. சிந்தித்துச் சொல்லும் வயதாயின் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கின்றன. சென்னையைச் சேர்ந்த ரோசி ஜேக்கப் என்னும் கிறிஸ்தவப் பெண்மணியின் வழக்கில் 1973 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது. பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பது பற்றிய உத்தரவுகள் யாவும் அவற்றின் இயல்பினாலேயே தற்காலிகமானவை. சூழ்நிலையும் காலமும் மாறும்போது, பிள்ளையின் நலனுக்கு உகந்ததாயின் அவற்றையும் மாற்றலாம் என்பது அதன் சாரம்.

ஆதலின் தாய் மறுமணம் செய்தார் என்ற ஒன்றையே காட்டிப் பிள்ளையைப் பறித்துச் செல்வதற்கும், தந்தை மறுமணம் செய்தார் என்ற ஒன்றையே காட்டி அவருக்குப் பிள்ளையைக் காட்ட மறுப்பதற்கும் இடமில்லை. புதிய வீட்டில் பிள்ளை எவ்வாறு நடத்தப்படுகிறது, படிப்புத் தொடர்கிறதா என்பனவே ஆராயப்படும். நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அதன் அனுமதியின்றிப் பிள்ளையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது என்றும் அதே சட்டம் விதிக்கிறது. பெங்களூர் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் பகுதியில் இது பலருக்கு மறந்துபோகிறது. ‘பணம் அனுப்பாவிட்டால் பிள்ளையைக் காட்டமாட்டேன்’ என்று ஒருவரும், ‘பிள்ளையைக் காட்டாவிட்டால் பணம் அனுப்பமாட்டேன்’ என்று மற்றவரும் பிடிவாதம் பிடிப்பதுண்டு. இரண்டும் தனித்தனி உரிமைகள். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. தந்தையைக் காணும் உரிமைக்கு உத்தரவு இருந்தால் அதையும் முறைப்படி மாற்றக் கோரலாம். ஆலைப் பணியில் வார விடுமுறை மாறிவிட்டது என்பதுகூட அதற்குத் தக்க காரணம்தான்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற கவலை பல வீடுகளில் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் முன், மாவட்டத் தலைநகர் வேலை எதுவானாலும் தருமபுரிக்கு ஓட வேண்டியிருந்தது. இப்போது கிருஷ்ணகிரியிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். செல்லும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், நிகாஹ் பதிவின் நகல், தலாக் கடிதம், பழைய உத்தரவோ ஜமாஅத் கடிதமோ எது உண்டோ அது, பணம் வந்த மாதங்களையும் வராத மாதங்களையும் காட்டும் வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.