கப்பலைக் காக்கும் கோடு

ஒரு வாளி நீரில் இரும்பாணி ஒன்றைப் போட்டால், அது உடனே அடியில் சென்று தங்கிவிடும். ஆனால், பல்லாயிரம் டன் எடையுள்ள எஃகுக் கப்பல் கடலில் மிதந்து செல்கிறது. சிறிய ஆணி மூழ்க, பெரிய கப்பல் மிதப்பது எவ்வாறு?

இவ்வினாவிற்கான விடையை 2,200 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்தார். நீரில் இறங்கும் பொருள், தனக்கு இடம் கொடுக்குமாறு நீரை விலக்குகிறது. அவ்வாறு விலக்கப்பட்ட நீரின் எடைக்குச் சமமான விசையுடன் நீர் அப்பொருளை மேல்நோக்கித் தள்ளுகிறது. இவ்விசையே மிதப்பு விசை எனப்படும். ஆணி முழுவதும் மூழ்கினாலும், அது விலக்கும் நீரின் எடை ஆணியின் எடையைவிட மிகக் குறைவே. கப்பலோ உள்ளே குடைவாக அமைந்தது. அதனுள் பெரும்பகுதி காற்றே நிறைந்துள்ளது. எனவே, அது ஓரளவு நீரில் அமிழ்ந்தவுடனேயே தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிவிடுகிறது. அந்நிலையில் அது மேலும் அமிழாமல் மிதக்கிறது.

கப்பலில் சரக்கை ஏற்றினால் எடை கூடும். கூடிய எடைக்கு ஏற்ப இன்னும் சற்று நீரை விலக்க வேண்டியிருப்பதால், கப்பல் ஆழமாக அமிழும். நீர்மட்டத்திற்கு மேலே நிற்கும் அதன் பக்கச் சுவரின் உயரமும் குறையும். அமைதியான துறைமுகத்தில் இதனால் தீங்கு நேராது. ஆனால், புயல் வீசும் கடலில் அலைகள் எளிதாகக் கப்பலின் மேல்தளத்தில் ஏறும். உள்ளே நீர் புகுந்தால், அந்த எடையைத் தாங்கக் கப்பலில் மிச்சம் இராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இக்கொடுமை அடிக்கடி நிகழ்ந்தது. இலாபம் கருதிச் சில முதலாளிகள் பழைய கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கை ஏற்றினர். கப்பல் மூழ்கினாலும் அவர்களுக்குக் காப்பீட்டுத் தொகை கிடைத்தது; மாலுமிகளின் குடும்பங்களே ஆதரவிழந்தன. மக்கள் அவற்றைச் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்றே அழைத்தனர்.

நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிலிம்சால் மாலுமிகளுக்காகக் குரல் கொடுத்தார். 1873 ஆம் ஆண்டு அவர்களின் நிலையை விளக்கி நூல் ஒன்றை வெளியிட்டார். 1875 இல் கப்பல் பாதுகாப்புச் சட்ட முன்வரைவை அரசு கைவிட்டபோது, அவையிலேயே சினந்து முழங்கினார். பின்னர்த் தம் கடுஞ்சொற்களுக்கு வருத்தம் தெரிவித்தார். ஆயினும், மக்கள் அவர் பக்கமே நின்றனர். 1876 இல் கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரைய வேண்டும் எனச் சட்டம் வந்தது. ஆனால், அதனை எவ்விடத்தில் வரைவது என்பது முதலாளியின் விருப்பத்திற்கே விடப்பட்டது. 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவ்விடம் விதிப்படி வரையறுக்கப்பட்டது. 1930 இல் பல நாடுகள் கூடிப் பொதுவான ஒப்பந்தம் செய்துகொண்டன.

இன்று கப்பலின் பக்கத்தில் ஒரு வட்டமும், அதன் நடுவே செல்லும் கோடும், அருகில் வேறு சில கோடுகளும் காணப்படும். பல கோடுகள் எதற்கு? குளிர்காலத்தில் கடல் கொந்தளிப்பு மிகும். ஆகவே அக்காலத்திற்குரிய கோடு தாழ்வாக இருக்கும். நன்னீருக்குரிய கோடோ உயரத்தில் இருக்கும். இதற்குக் காரணம் நீரின் அடர்த்தியே. ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை சுமார் 1,000 கிலோகிராம். கடல்நீரின் எடையோ சுமார் 1,025 கிலோகிராம். சரக்குடன் 10,250 டன் எடையுள்ள கப்பல், கடலில் 10,000 கன மீட்டர் நீரை விலக்கினால் போதும். ஆற்றிலோ 10,250 கன மீட்டர் நீரை விலக்க வேண்டும். ஆகவே, அங்கு அது சற்று ஆழமாக அமிழும்.

கொல்கத்தா, ஹூக்ளி ஆற்றின் கரையில் அமைந்த துறைமுகம். கடலிலிருந்து அங்கு வரும் கப்பல் ஆற்றுநீரில் மேலும் அமிழும். ஆற்றிலோ வண்டல் படிந்து மணல்திட்டுகள் உண்டு. எனவே, இக்கணக்கு தவறினால் கப்பல் தரைதட்டக்கூடும்.

இதனை வீட்டிலும் கண்டறியலாம். ஒரு குவளை நீரில் புதிய முட்டையை இட்டால் அது மூழ்கும். உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கிவந்தால், முட்டை மெல்ல மேலெழுந்து மிதக்கும். அடர்த்தி கூடிய நீர் கூடுதல் விசையுடன் அதனைத் தாங்குகிறது.

மிதப்பதற்கான விதியை அறிவியல் கண்டறிந்தது. அவ்விதி மாலுமிகளின் உயிரைக் காப்பதற்கு, அதனைச் சட்டமாக்க ஒருவர் போராட வேண்டியிருந்தது.