கல் எண்ணி வழி காட்டினார்கள்!
காதால் கேட்டவர்கள் கண்ணால் செய்த காரியம்

வானத்தில் சுற்றும் ஒரு சிறுகோள். அதன் பெயர் பென்னு. அதன்மேல் கிடந்த கற்களை, வீட்டில் இருந்தபடியே எண்ணினார்கள் 3,500க்கும் மேற்பட்டவர்கள்! சம்பளம் கிடையாது. வானசாஸ்திரம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கல்லை எண்ணுவானேன்? காரணம் இருக்கிறது.

இறங்க இடம் இல்லை!

2016 செப்டம்பரில் அமெரிக்காவின் 'நாசா', ஒசைரிஸ்-ரெக்ஸ் என்ற விண்கலத்தை அனுப்பியது. பென்னுவில் மண்ணும் கல்லும் அள்ளிப் பூமிக்குக் கொண்டுவருவது அதன் வேலை.

2018 டிசம்பரில் கலம் அங்கே போய்ச் சேர்ந்தது. படங்கள் வந்தன. விஞ்ஞானிகள் திகைத்தார்கள். மணற்பரப்பை எதிர்பார்த்த இடத்தில், எங்கு நோக்கினும் பாறை! பென்னுவின் குறுக்களவே அரை கிலோமீட்டர்தான். அதில் 164 அடி அகலத்துக்குச் சமதரை கிடைக்கும் என்று நம்பிக் கலத்தைத் தயாரித்திருந்தார்கள். அப்படி ஓர் இடமே அங்கு இல்லை. கலம் பாறையில் மோதினால், பல ஆண்டு உழைப்பும் பாழ்!

எந்தப் பாறை எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது? இது தெரிந்தாக வேண்டும். கம்ப்யூட்டரை மட்டும் நம்ப முடியாது. நிழல் எது, கல் எது என்பதில் அது தடுமாறும். மனிதக் கண் சட்டென்று பிரித்துவிடும். ஆனால், அத்தனை கண்களுக்கு எங்கே போவது?

அழைத்த குரல்

இங்கேதான் வருகிறார் பமீலா கே என்ற வானியல் நிபுணர். 2006-ல் இவரும் பிரேசர் கேன் என்பவரும் 'அஸ்ட்ரானமி காஸ்ட்' என்ற பாட்காஸ்டைத் தொடங்கினார்கள். பாட்காஸ்ட் என்பது நினைத்த நேரத்தில் கேட்கும் ரேடியோ. ஒலிபரப்பு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சமையல் செய்துகொண்டே கேட்கலாம். பஸ்ஸில் போகும்போதும் கேட்கலாம்.

2009 சர்வதேச வானியல் ஆண்டு. அப்போது '365 நாள் வானியல்' என்ற பாட்காஸ்ட் பிறந்தது. நாளுக்கு ஒரு பேச்சு. கேட்பவர்களே பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்பது அதன் விசேஷம்.

பிறகு 2012-ல், பமீலா கே 'காஸ்மோக்வெஸ்ட்' என்ற கூட்டுறவு முயற்சியைத் தொடங்கினார். நிலவின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்து, பள்ளங்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள்.

வானத்தின் அழகைக் குரலால் எவ்வளவு சொன்னாலும், படம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், பார்க்கும் ஆசை வளரும் அல்லவா? அந்த ஆசையோடு வந்தவர்களிடம், "பார்த்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லவில்லை. "உங்களால் ஒரு வேலை ஆக வேண்டும்" என்றார்கள். விளம்பரத்தின் வெற்றி ரகசியம் இதுதான்!

ஒரு கோடியே 40 லட்சம்!

2019 மே மாதம் பென்னுவுக்காக அழைப்பு வந்தது. படத்தைத் திரையில் பார்க்க வேண்டும். பாறையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கோடு இழுக்க வேண்டும். பிறகு அடுத்த பாறை. அலுப்புத் தட்டும் வேலைதான். ஆனாலும் சில மாதங்களில் அவர்கள் போட்ட குறிகள் சுமார் 1 கோடியே 40 லட்சம்! ஒரே படத்தைப் பலர் பார்த்ததால், ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்தார்.

நிபுணர்களின் ஆராய்ச்சிக்கு இது பக்கபலமாயிற்று. 2019 டிசம்பரில் 'நைட்டிங்கேல்' என்ற இடம் தேர்வாயிற்று. அதன் அகலம் 52 அடி மட்டுமே. கலமோ ஒரு வேன் அளவு!

2020 அக்டோபர் 20. பென்னு அப்போது 32 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அங்கிருந்து செய்தி வந்து சேரவே 18 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே, ஆபத்து வந்தால் இங்கிருந்து தடுக்க முடியாது. கலம் தானாகவே இறங்கியது; கையை நீட்டித் தொட்டது; அள்ளியது; மேலே எழும்பியது!

அள்ளியது கொஞ்சமா? சில கற்கள் மூடியில் சிக்கி, அது மூட மறுக்கும் அளவுக்கு! 2023 செப்டம்பர் 24-ந் தேதி, அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் அந்தச் சரக்கு வந்து இறங்கியது. கேட்டது 60 கிராம், கிடைத்தது 121.6 கிராம்.

வானத்தை ஆராயப் பெரிய தொலைநோக்கி வேண்டும், பெரிய பட்டம் வேண்டும் என்பார்கள். அவை வேண்டியதுதான். அவற்றோடு, கூப்பிட ஒரு குரலும், பொறுமையாகப் பார்க்கும் கண்களும் வேண்டும் என்பதற்குப் பென்னுவின் கற்களே சாட்சி!