புத்தகத்தை மூடிய பிறகு தொடங்கும் படிப்பு

மார்ச் மாத எஸ்எஸ்எல்சி தேர்வு நெருங்கும்போது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள பீர்மேடு தாலுகாவின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், எந்த ஊர்ப் பிள்ளைகளையும் போல, ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். இயற்பியல், வேதியியல் புத்தகங்களை முதல் பாடத்திலிருந்து மறுபடியும் வாசிக்கிறார்கள். முக்கியமான வரிகளுக்கு அடியில் கோடு போடுகிறார்கள். ஓம் விதியை ஐந்தாம் முறை வாசிக்கும்போது அது மனதில் நன்றாகப் பதிந்துவிட்டதாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஆபத்து. தெருவில் ஒரு முகத்தைப் பார்த்து இன்னார் என்று கண்டுகொள்வது எளிது. அதே முகத்தை வெற்றுத் தாளில் வரைந்து காட்டச் சொன்னால் கை நின்றுவிடும். வாசிப்பு கொடுப்பது முதல் வகை அறிவு, தேர்வு கேட்பது இரண்டாவது வகை. ஆகவே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வது எதுவும் திருப்புதல் ஆகாது என்பேன். புத்தகத்தை மூடி, ஒரு கேள்வியை எதிரில் வைத்து, பதிலைத் தன் தலைக்குள்ளிருந்து தேடி எடுக்கும்போதுதான் அது தொடங்குகிறது.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை வாசிக்க வைத்தார்கள். இன்னொன்றை ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்ததே முந்தியது: 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். திரும்ப வாசித்ததில் 42 சதவீதம்தான் நினைவில் நின்றது, பார்க்காமல் எழுதியதில் 56 சதவீதம். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. இரவு வாசித்தது படுக்கப் போகும்வரை இருக்கிறது. அடுத்த வாரம் தேர்வு அறையில் இருப்பதில்லை. பத்து விதமான படிப்பு முறைகளை ஒப்பிட்டு டன்லோஸ்கியும் அவரது சகாக்களும் 2013இல் எழுதிய பெரிய மதிப்பாய்வு, கோடு போடுவதையும் திரும்ப வாசிப்பதையும் பயன் குறைந்தவை என்றது. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதையும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதையும் முதல் வரிசையில் வைத்தது.

சரி, எதைக் கேட்டுக்கொள்வது? வரையறையை மட்டும் கேட்டால் வரையறைதான் வரும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் அனுபவம் இங்கே பொருந்தும். கடினமான கணக்குகளைப் போடும் அவரது மாணவர்களிடம், கனத்த லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற எளிய கேள்விகள் அடங்கிய தாளை 1990ஆம் ஆண்டையொட்டிக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைப்பதுபோல் எழுதவா என்று கேட்டாராம். நியூட்டனின் மூன்றாம் விதி அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு விசையும் சமம் என்பதை மட்டும் மனம் ஏற்கவில்லை. கோட்டயம் குமுளி சாலையின் ஒரு வளைவில் பஸ்ஸும் ஜீப்பும் உரசிக்கொண்டால் எதன்மேல் விசை அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். ஜீப்பின்மேல் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். விசை சமம், நிறை குறைந்ததால் ஜீப்பின் வேகம்தான் அதிகமாக மாறுகிறது. விதியைச் சொல்லத் தெரிவதற்கும் அதை நம்பிப் பயன்படுத்துவதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இந்தத் தூரத்தைக் குறைக்கப் பீர்மேட்டைப் போல வசதியான ஊர் குறைவு. ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 915 மீட்டர். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை இறங்கும் என்பதால், இங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. அப்படியானால் திறந்த பானையில் அரிசி சீக்கிரம் வேகுமா, தாமதமாக வேகுமா? குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறதே, ஆகையால் சீக்கிரம் என்பது அவசர பதில். அரிசியை வேகவைப்பது கொதிப்பு அல்ல, வெப்பநிலை. ஆகவே தாமதம்தான். குக்கரில் ஏன் அந்தத் தாமதம் இல்லை என்ற அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் அழுத்தம், கொதிநிலை, வெப்பநிலை மூன்றும் ஒரே கயிற்றில் வந்துவிடும்.

அதே தாலுகாவில்தான் முல்லைப் பெரியாறு அணை நிற்கிறது. அதைச் சுற்றிய வழக்குகளும் அரசியலும் இருக்கட்டும். ஒரு பத்தாம் வகுப்பு மாணவருக்கு அதற்குள் அரைப் பாடப்புத்தகம் இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடி நீர்மட்டத்தை நீரின் ஆழமாக வைத்துக்கொண்டால் அது சுமார் 43 மீட்டர். அடியில் நீரின் அழுத்தம் என்ன? ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் நான்கு லட்சத்து இருபதாயிரம் பாஸ்கலை ஒட்டி வரும். வளிமண்டல அழுத்தத்தைப் போல நான்கு மடங்குக்குச் சற்று மேல். அணைக்குப் பின்னால் ஏரி இன்னும் பத்து மைல் நீளமாக இருந்தால் அழுத்தம் கூடுமா? கூடாது, ஆழம் மட்டுமே கணக்கு. வாய்ப்பாடு தெரிந்தவர்களில் பலரும் இந்தக் கேள்வியில் சறுக்குவார்கள், ஏனென்றால் வாய்ப்பாட்டில் நீளம் இல்லை என்பதை யாரும் நின்று கவனிப்பதில்லை. இதே மாவட்டத்தின் மூலமற்றம் மின்நிலையத்தில் இடுக்கி அணையின் நீர் 650 மீட்டருக்கு மேல் இறங்கி 780 மெகாவாட் திறனுள்ள இயந்திரங்களைச் சுழற்றுகிறது. ஒரு டன் தண்ணீர் 650 மீட்டர் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 64 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். இழப்பே இல்லாவிட்டாலும் ஒரு டன் நீருக்கு ஒன்றே முக்கால் யூனிட்தான். நிலையாற்றல் என்ற சொல்லை நூறு முறை எழுதுவதைவிட இந்த ஒரு கணக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

வேதியியலும் முல்லைப் பெரியாறு அணையின் சுவருக்குள்ளேயே இருக்கிறது. 1887இல் தொடங்கி 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் கல்லைப் பிணைப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் பொடியும். கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடு; நீர் விட்டால் கால்சியம் ஹைட்ராக்சைடு; அது காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மறுபடியும் கார்பனேட்டாக இறுகும். இந்த மூன்று சமன்பாடுகளையும் சமன்செய்து எழுதிவிட்டு ஒரு கேள்வி கேட்கலாம்: அத்தனை தடித்த சுவரின் நடுவுக்குக் காற்று போகாதே, அங்கே சுண்ணாம்பு எப்படி இறுகியது? செங்கல் பொடியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் காற்றின் உதவியில்லாமல் நீரிலேயே சுண்ணாம்போடு வினைபுரிந்து கெட்டிப்படுவதுதான் விடை. தேயிலைத் தொழிற்சாலை இன்னொரு பாடம். இலையை வாட்டி, உருளைகளில் நறுக்கி, பரப்பிவைத்தால் ஏன் பச்சை போய்ச் செம்பு நிறம் வருகிறது? செல்கள் உடைந்து, இலையின் பாலிபீனால்கள் நொதியோடும் ஆக்சிஜனோடும் சேர்கின்றன. நறுக்குவது பரப்பளவைக் கூட்டி வினையை விரைவாக்குகிறது. உலர்த்தியின் சூடு நொதியைச் செயலிழக்கச் செய்து வினையை நிறுத்துகிறது. கிரீன் டீக்கு இலையை முதலிலேயே சூடாக்கிவிடுவதால் அந்த வினைக்கு இடமே இல்லை. வினைவேகம், வினையூக்கி, ஆக்சிஜனேற்றம் என்ற மூன்று தலைப்பும் ஒரு கூடை கொழுந்துக்குள் முடிந்துவிடுகின்றன. கட்டன் சாயாவில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளிறுவதையும், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் கருப்பதையும் பார்த்துவிட்டு, நிறங்காட்டி என்றால் என்ன என்று எழுதிப் பார்க்கலாம். (சோடா போட்டதைக் குடிக்க வேண்டாம், நன்றாக இருக்காது.)

கேள்விகளைக் கலந்து கேட்டுக்கொள்வதும் முக்கியம். இன்றைக்கு ஓம் விதி மட்டும், நாளைக்கு ஒளிவிலகல் மட்டும் என்று பாடவாரியாகப் பயிற்சி செய்தால் எந்தச் சூத்திரம் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. மிச்சம் பெருக்கலும் வகுத்தலும்தான். ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையில், கன அளவு காணும் கணக்குகளை வகைவாரியாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ முதல் குழு 20 சதவீதத்துக்கு விழுந்தது. கலந்து போட்டவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள். பயிற்சியில் தடுமாறுவது மோசமான அறிகுறி என்று நினைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. தேர்வில் பாதிக் கேள்வி புத்தகத்திலிருந்தே நேராக வருகிறது, பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்தால் போதுமே என்பார்கள். வரையறைக்கும் மதிப்பெண் உண்டு என்பது உண்மைதான். ஆனால் வரையறையும் பார்க்காமல் எழுதிப் பழகினால்தான் தங்குகிறது. மேலே சொன்ன ரோடிகர், கார்ப்பிக் சோதனை அதைத்தான் காட்டியது. பழைய வினாத்தாளை விடையோடு சேர்த்து வாசிப்பவர் அதை வீணாக்குகிறார், விடையை மூடிவிட்டு எழுதுபவர்தான் பயன்படுத்துகிறார். இன்னொரு மறுப்பு கனமானது: ஒன்றுமே புரியாத பிள்ளை எதை நினைவிலிருந்து எடுக்கும்? எடுக்க முடியாது. மோல் என்றால் என்ன என்று தெரியாதவரிடம் 180 கிராம் தண்ணீரில் எத்தனை மோல் என்று கேட்டால் தாள் வெறுமையாகத்தான் இருக்கும். அந்த வெறுமை ஒரு செய்தி. இந்தப் பாடத்துக்குத் தேவை திருப்புதல் அல்ல, மறுபடி கற்பித்தல் என்று அது சொல்கிறது. வாசிப்பு இந்தச் செய்தியைக் கடைசி நாள்வரை மறைத்து வைக்கும். தவறான விடை மனதில் பதிந்துவிடாதா என்ற பயத்துக்கு மருந்து எளியது: எழுதி முடித்ததும் உடனே புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

நேரமும் வசதியும் இல்லை என்பது தேயிலைத் தோட்டப் பகுதியில் சாக்கு அல்ல. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஒற்றை அறையில் படிப்புக்கென்று தனி மூலை கிடைப்பது அரிது. டியூஷனுக்கு ஏலப்பாறையோ வண்டிப்பெரியாறோ போய்வர பஸ் கட்டணம் வேண்டும். ஆனால் இந்த முறைக்குத் தேவையானவை மிகக் குறைவு. ஒரு நோட்டு, ஒரு பேனா, பத்துக் கேள்விகள். பள்ளிக்கு நடக்கும் வழியில் இருவர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே போகலாம். கேட்பவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கையில் புத்தகம் இருந்தால் போதும். வேலை முடிந்து வந்த அம்மாவே கேள்வியை வாசிக்கலாம். மூன்று மணி நேர வாசிப்புக்குப் பதில் முக்கால் மணி நேரம் இப்படிச் செலவானால் நஷ்டம் இல்லை.

கேரளத்தில் இப்போது இதற்கு அவசரமும் கூடியிருக்கிறது. எஸ்எஸ்எல்சியில் இயற்பியலும் வேதியியலும் தனித்தனித் தாள்கள். ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தேர்வு 40, தொடர் மதிப்பீடு 10. ஒவ்வொரு பாடத்தின் எழுத்துத் தேர்விலும் குறைந்தது 30 சதவீதம் வாங்க வேண்டும் என்ற விதியை, எட்டாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே கொண்டுவர மாநில அரசு 2024இல் முடிவு செய்தது. 40க்கு 12 என்பது பெரிய எண் அல்ல, ஆனால் தொடர் மதிப்பீட்டின் தயவில் அதைக் கடக்க முடியாது. தேர்வு எழுதும் ஒன்றரை மணி நேரத்துக்கு முன் கேள்விகளை வாசிக்க மட்டும் பதினைந்து நிமிடம் கூல் ஆஃப் டைம் தருகிறார்கள். அதில் விடை எழுதக் கூடாது. கலந்து பயிற்சி செய்த பிள்ளை அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொரு கேள்வியும் எந்தக் கருத்தைக் கேட்கிறது, எதிலிருந்து தொடங்குவது என்று பிரித்து வைத்துவிடும். வரிசையாக வாசித்து மட்டுமே வந்த பிள்ளைக்கோ அது மணி அடிப்பதற்காகக் காத்திருக்கும் நேரம்தான்.