மானுக்குச் சிறு தோட்டா போதுமா?

மான் வேட்டைக்குச் சிறு தோட்டாவைத் தேர்ந்தெடுக்கையில் விட்டத்தைவிடக் குண்டின் அமைப்பே முக்கியம். மெல்லிய உறையுள்ள 5.56 மில்லிமீட்டர் குண்டு தோளெலும்பில் பட்டதும் சிதறிவிடலாம்; காயத்தோடு ஓடும் மான் துடித்துத் துடித்தே சாகும். தடித்த உறையோ, முழுச் செம்போ கொண்ட கனத்த குண்டு மெல்ல விரிந்து நுரையீரல், இதயம் வரை இறங்கும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் பெரிய மான்களுக்கு 0.240 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள ரைபிளை அனுமதிப்பதில்லை. நியாயமான வரம்பு அது.

ஆனால் வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையடிவார அமிர்திக் காட்டில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே புள்ளிமானைச் சுடுவது குற்றம். திருட்டு வேட்டைக்காரர்களின் நாட்டுத் துப்பாக்கியோ இன்னும் கொடியது: அதன் ஈயச் சிதறல்கள் பெரும்பாலும் ஆழமாக இறங்காமல் மானைக் காயப்படுத்தி மட்டுமே விடுகின்றன.