சொந்த மைதானத்தில் வெள்ளைச் சட்டை ஏன்?

அமெரிக்கக் கால்பந்தில் சட்டையின் வர்ணத்தைத் தீர்மானிக்கும் உரிமை சொந்த மைதானத்து அணியைச் சார்ந்தது. பெரும்பாலோர் அடர்ந்த வர்ணத்தையே நாட, டல்லாஸ் கௌபாய்ஸ் அணி 1964 முதல் சொந்த ஊரில் வெள்ளை அணிந்து வருவதற்கு, வந்து போகும் எதிரணிகளின் பலவித வர்ணங்களை உள்ளூர் ரசிகர்கள் கண்டு களிக்கட்டும் என்று அதன் நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம் கருதியதே காரணம். மயாமி அணியின் நோக்கமோ இத்தனை உதாரமானதன்று; தான் வெள்ளை உடுத்து, எதிரியைக் கருவர்ணத்தில் நிறுத்தி, செப்டம்பர் மாத மத்தியான வெயிலையே பன்னிரண்டாவது ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொள்கிறது!

இத்தந்திரம் எவ்வளவு பலிக்கும்? சூரிய ஒளியின் சக்தியில் ஏறத்தாழப் பாதியே கண்ணுக்குப் புலனாகும் கிரணங்கள். மிச்சத்தில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கிரணங்கள். சாயம் பிரதானமாக முற்பாதியையே ஆள்வதால், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள உஷ்ண பேதம் கண் மதிப்பிடுவதைவிடக் குறைவு. பாலைவனத்துப் பெதுவினர் கறுப்பங்கி அணிந்தும் வாடாதது ஏனென்று ஆராய்ந்து 1980இல் வெளியான ஆய்வொன்று, தொளதொளப்பான அங்கி ஏற்கும் அதிக வெப்பம் சருமத்தை எட்டுமுன்பே உள்ளே உலவும் காற்றோடு போய்விடுகிறது என்று கண்டது. ஆனால் தோள்காப்பின்மேல் இறுகப் பிடித்த சட்டைக்குள் காற்றுக்கு ஏது வழி? ஆகவே அங்கே வெள்ளைக்குச் சிறிது அனுகூலம் உண்டென்றே நினைக்கிறேன். எனினும் ஓடுகிற தசைகள் தாமே செலவிடும் சக்தியில் முக்கால் பங்குக்குமேல் வெப்பமாக்கிவிடுவதால், அந்த அனுகூலத்தை மிகைப்படுத்தலாகாது. இரவு ஆட்டத்திலும், டல்லாஸின் இன்றைய அரங்கில் கூரை மூடியிருக்கும் நாட்களிலும், அதுவும் இல்லை.