பேச்சுப் பயிற்சி மையமும் ஆய்வுக் கட்டுரைப் போட்டியும்: நெல்லைச் சூழலை முன்வைத்து

முன்னுரை

தமிழ்நாட்டில் பேச்சுப் போட்டிகளுக்குக் குறைவில்லை. காந்தியடிகள், நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா ஆகியோரின் பிறந்தநாள்களையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாவட்ட அளவில் போட்டிகளை நடத்தி வருகிறது. கல்லூரித் தமிழ் மன்றங்களும் தம் பங்கிற்கு நடத்துகின்றன. இப்போட்டிகள் முன்னரே பேசத் தெரிந்தவரைக் கண்டறிந்து பரிசளிக்கின்றன. பேசத் தெரியாத ஒருவர் எவ்வாறு பேசக் கற்கிறார் என்னும் வினா அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. அவ்வினாவை ஆய்வுப் பொருளாக்கும் கட்டுரைப் போட்டி ஒன்று நெல்லைப் பகுதிக் கல்லூரிகளுக்கு ஏன் தேவை, அது எத்தகைய சான்றுகளைக் கேட்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இத்தேவை மேடையோடு முடிவதன்று. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கருத்தரங்குகளில் இரு கட்டுரைகளேனும் வாசிக்கப்பட வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுத்தன. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் அக்கட்டாயம் நீங்கினும் வாய்மொழித் தேர்வு நீடிக்கிறது. பலநூறு பக்கங்களை எழுதி முடித்த ஆய்வாளர் அவற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேச இயலாது தடுமாறும் காட்சி தமிழ்த் துறைகளுக்குப் புதிதன்று. அத்தடுமாற்றம் ஆய்வின் குறையாகவே மதிப்பிடப்படும் இடர்ப்பாடும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு இவ்விழப்பு மிகுதி. திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்று அதிகாரங்களும் அமைச்சியலில் வைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. அன்று அமைச்சருக்கு வேண்டிய திறனாகக் கருதப்பட்டது இன்று ஒவ்வோர் ஆய்வு மாணவரிடமும் எதிர்பார்க்கப்படுகிறது. கற்றுத்தரும் இடம் மட்டும் இல்லை.

மையம் இயங்கும் முறை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எழுத்துப் பயிற்சி மையங்களை முன்மாதிரியாகக் கொண்டு பேச்சுப் பயிற்சி மையங்கள் தோன்றின. பயிற்சி பெற்ற மூத்த மாணவரே அங்கே துணைநிற்பவர். பேச வேண்டிய மாணவர் முன்பதிவு செய்துகொண்டு வருகிறார். தம் உரையின் வரைவைப் பேசிக் காட்டுகிறார். தேவையெனில் அது பதிவு செய்யப்படுகிறது. இருவரும் பதிவைப் பார்த்து உரையாடுகின்றனர். மதிப்பெண் கிடையாது, ஆசிரியருக்குப் புகாரும் இல்லை. இவ்விரண்டு இன்மைகளே மையத்தின் உயிர்நாடி எனலாம். மதிப்பெண் வந்துவிட்டால் அதுவும் மற்றொரு வகுப்பறையாகிவிடும்.

இம்மையங்களுக்கெனத் தேசிய அளவிலான சங்கமும் ஆய்விதழும் அங்கு உள்ளன. துணைநிற்கும் மாணவர்களே தம் பணியை ஆராய்ந்து கட்டுரை எழுதுவதும் அவற்றுக்குப் பரிசு வழங்கப்படுவதும் இச்சூழலின் ஒரு பகுதி. பயிற்சியும் ஆய்வும் ஒரே அறையில் நிகழ்வதால் ஒன்றின் ஐயத்தை மற்றொன்று தீர்க்கிறது.

அளவுகோலின் சிக்கல்

இத்துறையில் பரவலாகப் பயன்படும் அளவுகோல் ஜேம்ஸ் மெக்ராஸ்கி உருவாக்கிய தொடர்பாடல் அச்ச வினாநிரல் ஆகும். குழு உரையாடல், கூட்டம், இருவர் உரையாடல், மேடை உரை என்னும் நான்கு சூழல்களுக்கும் தலா 6 கூற்றுகள் வீதம் 24 கூற்றுகள் இதில் உள்ளன. மொத்த மதிப்பு 24 முதல் 120 வரை அமையும். மதிப்பு உயர உயர அச்சம் மிகுதி என்பது பொருள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் இதனை நிரப்பச் செய்து வேறுபாட்டைக் காண்பது வழக்கமான ஆய்வு முறை.

இதனை அப்படியே தமிழில் பெயர்த்துக்கொள்வதில் இரு தடைகள் உள்ளன. முதலாவது, பேசாமைக்குத் தமிழ்ச் சூழலில் அச்சம் ஒன்றே காரணமன்று. பெரியோர் முன் வாய் திறவாதிருத்தல் அடக்கம் என வளர்க்கப்பட்ட மாணவர், 'கூட்டத்தில் பேசத் தயங்குகிறேன்' என்பது போன்ற கூற்றுக்கு 'ஆம்' எனக் குறித்தால் அது அச்சமா, பண்பா? கூச்சம், தயக்கம், நாணம், மரியாதை எனப் பிரித்துணரப்படும் நிலைகளை ஒரே எண்ணுக்குள் அடக்கும் அளவுகோல் இங்குப் பாதியளவே பயன்படும்.

இரண்டாவது தடை இதனினும் வலியது. தமிழ் இரட்டை வழக்கு மொழி. நெல்லை மாணவர் வீட்டில் 'சொல்லுதேன்', 'வருதேன்' என்கிறார். மேடையில் 'சொல்கிறேன்', 'வருகிறேன்' என மாற்றிக்கொள்ள வேண்டும். இம்மாற்றத்தின் இடையில் நாக்குத் தடைபடுவதை அச்சம் எனப் பதிவு செய்வது பிழை. கருத்தும் துணிவும் இருந்து, வடிவம் மட்டும் கைக்கு எட்டாத நிலை அது. வேலைவாய்ப்பு நேர்காணலை எண்ணிக் கல்லூரிகளில் நடைபெறும் தொடர்பாடல் பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தையே குறியாகக் கொண்டுள்ளது. தமிழிலேயே ஒரு தமிழ் மாணவருக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படும் என்பதை ஏற்கவே தயக்கம் நிலவுகிறது. தாய்மொழிக்குப் பயிற்சி எதற்கு என்னும் இந்த எண்ணத்தைத் தமிழ்த் துறைகளும் ஓரளவு பகிர்ந்துகொள்கின்றன.

நெல்லை தரும் சான்றுகள்

தாமிரபரணிக் கரைக்குப் பேச்சின் வரலாறு உண்டு. தமிழ் மேடைப் பேச்சை ஆராய்ந்த பெர்னார்டு பேட், நவீனப் பொதுமேடை உரையின் வேர்களைச் சீர்திருத்தக் கிறித்தவ சமய உரைகளில் தேடினார். அவர் மறைவுக்குப் பின் 2021இல் வெளிவந்த நூல் இதனை விரிவாகப் பேசுகிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசின் பணி நினைவிற்கு வரும் இடம் இது. எனினும் பேச்சு வெகுமக்களின் ஆற்றலாக வெளிப்பட்ட தருணம் 1908. அவ்வாண்டின் தொடக்கத்தில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் ஆற்றிய உரைகள் மார்ச் 12இல் அவர்கள் கைதாகக் காரணமாயின. மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி மூண்டது. சூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார்.

ஆய்வு நோக்கில் இவ்வழக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அவ்வுரைகளைப் பற்றி இன்று அறியக் கிடைப்பவற்றுள் பெரும்பங்கு, கூட்டத்தில் இருந்த காவல்துறையினர் எடுத்த குறிப்புகளின் வழியே வந்தது. குற்றஞ்சாட்டுவதற்காக எழுதப்பட்ட குறிப்பில் எந்தச் சொல் ஆட்சிக்கு எதிரானது என்பது இருக்கும். பேசியவர் எங்கே நிறுத்தினார், கூட்டம் எங்கே ஆரவாரித்தது, எந்த வழக்கில் பேசினார் என்பவை தற்செயலாகவே இருக்கும். பதிவு செய்தவரின் நோக்கமே சான்றின் எல்லையாகிறது.

மற்றொரு சான்று மென்மையானது. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954) இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி, இன்றைய பயிற்சி மையத்திற்கு இம்மண்ணில் காணக்கூடிய நெருங்கிய முன்னோடி எனலாம். கம்பனின் பாடலொன்றை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி, அதன் ஓசையையும் உணர்ச்சியையும் உரையாடலில் துலக்கிய அவை அது. மதிப்பெண்ணோ பரிசோ அங்கு இல்லை. நாடறிந்த சொற்பொழிவாளரான தொ.மு.பாஸ்கரத் தொண்டைமானும் நீதிபதி எஸ்.மகராஜனும் அவ்வட்டத்தைச் சார்ந்தவர்கள். ஆயின் வட்டத்தொட்டி பற்றிய நினைவுக் கட்டுரைகள் நடுவில் அமர்ந்திருந்தவரின் பெருமையையே மிகுதியும் பேசுகின்றன. முதல் வாரம் வாய் திறவாதிருந்த ஒருவர் எவ்வாறு பேசத் தொடங்கினார் என்பதை அவை வழி அறிவது கடினம். வழக்கு ஏடு குற்றத்தைத் தேடியது, நினைவுக் கட்டுரை பெருமையைத் தேடியது; கற்றலைத் தேடிய பதிவு இல்லை.

போட்டி கேட்க வேண்டியவை

இக்குறையை நிரப்பும் வகையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்ற கல்லூரிகளிடையே ஆய்வுக் கட்டுரைப் போட்டி ஒன்றை அமைக்கலாம். மேடைப் பேச்சாளர் எவரையும் புகழும் கட்டுரை அதில் ஏற்கப்படக் கூடாது. அவ்வகைக் கட்டுரைகள் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன. மாணவர் ஒருவரின் உரை முதல் அமர்விலிருந்து நான்காம் அமர்வு வரை எவ்வாறு மாறியது என்பதைப் பதிவோடு காட்டும் சிறிய ஆய்வு, ஐந்நூறு பேரிடம் வினாநிரல் நிரப்பிச் சராசரி காணும் ஆய்வினும் இப்போதைய நிலையில் பயன் மிக்கது. அச்ச அளவுகோலைப் பயன்படுத்துவோர், அதன் தமிழ் வடிவில் தயக்கத்தையும் மரியாதையையும் எவ்வாறு பிரித்தனர் என விளக்க வேண்டும். வெற்றி பெறாத பயிற்சியைப் பற்றிய கட்டுரைக்கும் பரிசு பெறும் தகுதி இருத்தல் இன்றியமையாதது. இல்லையெனில் வரும் கட்டுரைகள் அனைத்தும் வெற்றிக் கதைகளாகவே இருக்கும்.

பதிவு பேசியவருக்கே உரியது. அவர் இசைவின்றி ஒரு வரியும் வெளியாகக் கூடாது, அவர் பெயரும் மறைக்கப்பட வேண்டும். எழுத்துப்படியைப் பொறுத்தமட்டில் விதி ஒன்றே போதும். மாணவர் 'சொல்லுதேன்' என்று கூறியிருந்தால் படியிலும் 'சொல்லுதேன்' என்றே இருக்க வேண்டும். அதனைச் 'சொல்கிறேன்' எனத் திருத்தி எழுதும் ஆய்வாளர், தாம் ஆராய வந்த பொருளையே அழித்துவிடுகிறார்.