எண் ஒன்றுதான், வேலை வேறு

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வறண்ட காற்று வீசும். ஸ்பிரிங்வெளி உள்ளிட்ட பதுளைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைக்குத் தனி மணமும் நல்ல விலையும் கிடைக்கும் பருவம் அது. அப்போது பறித்த கொழுந்து, தொழிற்சாலையின் வாட்டும் தொட்டிகளில் 12 மணி நேரத்துக்கும் மேலாகக் காற்றோட்டத்தில் கிடக்க வேண்டும். விசிறி மோட்டார் நடு இரவில் நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். மறுநாள் மோட்டாரைத் திருத்தலாம், கொழுந்தைத் திருத்த முடியாது. மோட்டார்கள் நிற்பதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, சுழலும் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் பழுதாவது. அப்படியிருந்தும், பழைய பேரிங்கின் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் இன்னொன்றை வாங்கிப் பூட்டுவதோடு வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது பாதித் தேர்வு மட்டுமே.

6206 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 30 மில்லிமீற்றர் என்று வரும். வெளிவிட்டம் 62, அகலம் 16. இந்த அளவை மோட்டாரைச் செய்த நிறுவனம் முடிவுசெய்துவிட்டது. நாம் முடிவுசெய்ய வேண்டியது எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளை. ‘இசட்இசட்’ என்றால் இரு பக்கமும் தகட்டு மூடி. அது உள்வளையத்தைத் தொடாததால் உராய்வு குறைவு. ஆனால் அந்தச் சிறு இடைவெளியால் நுண்தூசி உள்ளே போகும். ‘2ஆர்எஸ்’ என்றால் உள்வளையத்தை உரசி நிற்கும் றப்பர் மூடி. தேயிலைத் தூளும் நாரும் பறக்கும் சலிப்பறை மோட்டாருக்கு இதுவே ஏற்றது. உலர்த்தியை ஒட்டிய மோட்டாருக்கோ தூசியைவிட வெப்பமே எதிரி. சாதாரண றப்பர் மூடி 100 பாகை செல்சியஸுக்கு மேல் நெடுநாள் தாங்காது. அங்கே தகட்டு மூடியும் உயர் வெப்பம் தாங்கும் கிரீஸும் வேண்டும். ஒரே எண்தான், இடத்துக்கு இடம் தேவை வேறு.

எண்ணுக்குப் பின்னால் வரும் இன்னொரு குறியான ‘சி3’ என்பதைப் பற்றி ஒரு தயக்கம் உண்டு. குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையே வழமையைவிடக் கூடுதல் இடைவெளி என்பது அதன் பொருள். இளக்கமான பேரிங் சத்தம் போடாதா என்று கேட்பது நியாயமே. ஆனால் கணக்கிட வேண்டியது கையில் பிடித்திருக்கும்போது உள்ள இளக்கத்தை அல்ல, ஓடும்போது மிஞ்சும் இளக்கத்தை. ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றும்போது உள்வளையம் சற்று விரிகிறது. ஓடத் தொடங்கியதும் உள்வளையம் வெளிவளையத்தைவிடச் சூடாகி இன்னும் விரிகிறது. இரண்டும் சேர்ந்து இடைவெளியைத் தின்றுவிடும். இரவெல்லாம் நிற்காமல் ஓடும் மோட்டாரில் வழமையான பேரிங் இறுகிப்போகும் ஆபத்து இதனால்தான். குளிர்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் மட்டும் ஓடும் சிறு மோட்டாருக்கு சி3 கட்டாயமில்லை.

தேயிலை விலை விழுந்து கிடக்கும்போது இதற்கெல்லாம் பணம் எங்கே என்று தொழிற்சாலைக்காரர் கேட்கலாம். மூடியிலோ இடைவெளியிலோ சரியானதைக் கேட்டு வாங்குவதால் விலை பெரிதாக ஏறுவதில்லை. பணத்தை விழுங்குவது பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் வரும் போலிச் சரக்கும் தவறான பொருத்தலும்தான். சுமை இரட்டித்தால் குண்டு பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்றாகும். பெல்டை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால் எவ்வளவு நல்ல பேரிங்கும் வீண். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த அடி குண்டுகள் வழியாக ஓடுபாதையில் குழி பதிக்கும். ஆகவே ஒவ்வொரு மோட்டாருக்கும் பேரிங்கின் முழுக் குறியீடு, கிரீஸ் வகை, மாற்றிய திகதி ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது தொழிற்சாலையின் கடமை. மலைச்சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறித்தவரின் உழைப்பு, கடையில் கேட்கத் தவறிய இரண்டு எழுத்துகளால் பாழாகக் கூடாது.